முடிச்சா, புரி கோர்ப்பா? படுக்கைத் தூளிக்குக் கயிறு கட்டும் பாடம்

தோப்பில் உச்சி வெயில் நேரத்தில் அரை மணி சாய ஒரு படுக்கைத் தூளி இருந்தால் எவ்வளவு சுகம் என்பதை உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரத்தில் இதையே ஹேமக் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். நமக்குப் பழைய சேலை, நாலு கோணிச் சாக்கு, கிழியாத மீன்வலை, எது கிடைத்தாலும் போதும். இரண்டு மரம், இரண்டு துண்டுக் கயிறு, வேலை முடிந்தது.

ஆனால் தூளி அறுந்து ஆள் விழுந்த இடங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் துணி கிழிந்திருக்காது. கயிறும் நடுவில் அறுந்திருக்காது. முடிச்சுக்குப் பக்கத்தில்தான் அறுந்திருக்கும், அல்லது முடிச்சே உருவிக்கொண்டு போயிருக்கும். இப்போது நம் பண்ணைகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊஞ்சல் கட்டுகிறோம், தூளி கட்டுகிறோம். வயதானவர்களும் அதில்தான் சாய்கிறார்கள். எழுபது வயதுக்காரர் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் இடுப்பெலும்பு போய்விடும். அதனால் கயிற்று வேலையைச் சின்ன வேலை என்று ஒதுக்க முடியாது.

கயிற்றின் முனையில் ஒரு கண் வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, முடிச்சுப் போடுவது. இன்னொன்று, கயிற்றின் புரிகளைப் பிரித்து, அதே கயிற்றின் உடம்புக்குள் ஒன்று விட்டு ஒன்று நுழைத்துப் பின்னிவிடுவது. ஆங்கிலத்தில் ஸ்பிளைசிங் என்பார்கள். கப்பல்காரர்களும் மீனவர்களும் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் இங்கே நான் 'புரி கோர்ப்பு' என்றே சொல்கிறேன்.

கயிறு எப்படித் தாங்குகிறது?

தேங்காய் நார் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு முழம்கூட இருக்காது. அந்தக் குட்டை நார்கள்தான் பத்துப் பாகம் நீளக் கயிறாகி, தண்ணீர் நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து தூக்குகின்றன. நடுவில் பசை இல்லை, தையல் இல்லை. முறுக்கு மட்டும்தான்.

நாரை ஒரு பக்கமாக முறுக்கி இழை ஆக்குகிறோம். இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் புரி. மூன்று புரிகளைச் சேர்த்து மறுபடி எதிர்ப்பக்கம் முறுக்கினால் கயிறு. ஒரு முறுக்கு பிரியப் பார்த்தால் அடுத்த முறுக்கு அதை இறுக்கும். இழுக்க இழுக்க நார்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். அந்த உராய்வுதான் கயிற்றின் வலு. ராட்டையில் கயிறு திரிக்கும் சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே இருக்கிறது.

முடிச்சு வலுவைத் தின்னும்

முடிச்சுப் போட்டால் கயிறு குறுகலாக வளைகிறது. வளைவின் வெளிப்பக்க நார் விறைத்து இழுபடும். உள்பக்க நார் சுருங்கி, இழுப்பில் பங்கெடுக்காமல் சும்மா இருக்கும். பத்துப் பேர் இழுக்க வேண்டிய தேரை ஐந்து பேர் இழுப்பது போலத்தான். அந்த ஐந்து பேரும் சோர்ந்ததும் மிச்சமிருப்பவர்களும் தாங்க மாட்டார்கள். அதோடு முடிச்சுக்குள் கயிறு கயிற்றையே நெரிக்கிறது.

எவ்வளவு வலு போகும்? கயிற்றையும் முடிச்சையும் பொறுத்து மாறும். தோராயமாகச் சொன்னால், சாதாரண ஒற்றை முடிச்சு போட்ட கயிற்றில் பாதி வலுதான் மிஞ்சும். நல்ல முடிச்சு போட்டால் 60 முதல் 70 சதவீதம் மிஞ்சும். ஒழுங்காகக் கோர்த்த கண்ணில் 85 முதல் 95 சதவீதம் வரை நிற்கும். கோர்ப்பில் குறுகலான வளைவு இல்லை. புரிகள் மெல்ல மெல்ல உடம்போடு சேர்கின்றன. கயிறு எந்த உராய்வில் உருவானதோ, அதே உராய்வில்தான் கோர்ப்பும் நிற்கிறது. இழுக்க இழுக்க இறுகும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய கயிறு ஒன்றின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, கிளையில் தொங்கவிட்டு, கீழ்முனையில் சாக்கைக் கட்டுங்கள். சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போடுங்கள். சாக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும், காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுக் கூட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். கயிறு முடிச்சு வாயிலேயே அறுந்தது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சாய்வுக் கணக்கு

பிள்ளைத் தூளிக்கும் படுக்கைத் தூளிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விட்டத்தில் கட்டும் பிள்ளைத் தூளியில் கயிறு நேராகத் தொங்கும். குழந்தையின் எடை மட்டும்தான் கயிற்றுக்குச் சுமை. படுக்கைத் தூளியில் கயிறு சாய்ந்து போகிறது. அங்கே நம் எடையைவிடப் பல மடங்கு சுமை கயிற்றில் ஏறலாம்.

60 கிலோ ஆள் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 30 கிலோ. அந்த 30-ஐக் கயிற்றின் நீளத்தால் பெருக்கி, கயிறு இறங்கும் உயரத்தால் வகுத்தால் கயிற்றில் விழும் இழுப்பு கிடைக்கும்.

2 அடிக் கயிறு 1 அடி இறங்கினால்: 60 கிலோ.
4 அடிக் கயிறு 1 அடி இறங்கினால்: 120 கிலோ.
10 அடிக் கயிறு 1 அடிதான் இறங்கினால்: 300 கிலோ.

தூளி தொய்யாமல் விறைப்பாக இருக்கட்டும் என்று மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுபவர்கள் தெரியாமலே இந்த 300 கிலோவை வரவழைக்கிறார்கள். அதில் ஒற்றை முடிச்சும் சேர்ந்தால் என்ன ஆகும்? புதிதில் 600 கிலோ தாங்கும் கயிறு, முடிச்சால் 300 ஆகிவிட்டது. இழுப்பும் 300. ஆள் படுத்தபின் ஒருமுறை புரண்டால் போதும்.

அதனால் முதல் விதி: 2 அடிக்கு 1 அடி இறக்கம். ஆள் படுத்திருக்கும்போது அளந்து பாருங்கள். தூளி வாழை இலைத் தொன்னை போலக் குழிந்து தொங்க வேண்டும். அதில் கொஞ்சம் குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகும் நேராக இருக்கும்.

இரண்டாவது விதி: தூளிக்கு எடுக்கும் கயிறு, புதிதில், படுப்பவர் எடையைப்போல் பத்து மடங்காவது தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். தொப்பென்று உட்காரும்போது சுமை சட்டென்று இரண்டு மடங்குக்கு மேல் போகும். வெயிலும் மழையும் வேறு கயிற்றைத் தின்றுகொண்டே இருக்கும்.

எங்கே எது?

"மாமா, முடிச்சுப் போட்டா ஒரு நிமிஷம். நீங்க கோர்க்கிறதுக்குக் கால் மணி நேரம் ஆகுதே?" என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் கேட்டார்.

"ஒரு தடவை கோர்த்தா அந்தக் கயிறு நைஞ்சு போற வரைக்கும் அந்தக் கண் இருக்கும், மாப்ளே. தினமும் அவிழ்த்துக் கட்டுற இடத்துல யார் கோர்க்கச் சொன்னா?" என்றேன்.

விஷயம் அவ்வளவுதான். அவிழ்க்கத் தேவையில்லாத முனைக்குப் புரி கோர்ப்பு. அவிழ்க்க வேண்டிய முனைக்கு முடிச்சு. படுக்கைத் தூளியில் துணிப்பக்கம் வரும் கண் நிரந்தரமானது, அதைக் கோர்த்துவிடுங்கள். மரத்துப்பக்கம் உயரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், மழை வந்தால் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். அங்கே முடிச்சுதான் சரி.

கண் கோர்க்கும் முறை

முறுக்கிய மூன்று புரிக் கயிற்றுக்குத்தான் இந்த முறை. சுண்டுவிரல் கனமுள்ள கயிறாக ஒன்றரைப் பாகம் எடுத்துக்கொண்டு பழகுங்கள்.

1. முனையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக அளந்து, அந்த இடத்தில் நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். அதற்கு மேல் பிரியாது. பிளாஸ்டிக் கயிறானால் இரண்டு சாண் விடுங்கள்.

2. கட்டு வரை மூன்று புரிகளையும் பிரியுங்கள். ஒவ்வொரு புரியின் நுனியையும் நூலால் கட்டுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பாதி வேலையில் நுனி பஞ்சாகி நிற்கும்.

3. தேவையான அளவு கண் வளைத்து, பிரிந்த புரிகளைக் கயிற்றின் உடம்பின் மேல் படுக்க வையுங்கள். நடுப்புரி ஒன்று, இடப்புரி ஒன்று, வலப்புரி ஒன்று என்று இருக்கும்.

4. உடம்புக் கயிற்றை லேசாக எதிர்ப்பக்கம் திருகினால் புரிகளுக்கு நடுவே வாய் திறக்கும். திறக்காவிட்டால் கூரான மூங்கில் குச்சியால் திறங்கள். கயிற்றின் முறுக்குக்குக் குறுக்காக, நடுப்புரியை உடம்பின் ஒரு புரிக்கு அடியில் நுழைத்து வெளியே எடுங்கள். வழக்கமான கயிற்றில் இது வலமிருந்து இடமாக வரும்.

5. நடுப்புரி வெளியே வந்த அதே வாயில் இடப்புரியை நுழைத்து, அதற்கு அடுத்த உடம்புப் புரிக்கு அடியில் எடுங்கள்.

6. இப்போது கயிற்றைத் திருப்பிப் போடுங்கள். எதுவும் அடியில் போகாத ஒரு உடம்புப் புரி மிச்சம் இருக்கும். வலப்புரியை அதன் அடியில், அதே வலமிருந்து இடமாக, நுழையுங்கள். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். திருப்பிப் போட்டதால் திசை மாறிவிட்டது போலத் தோன்றும். மாற்றக் கூடாது.

7. சரிபாருங்கள். உடம்பில் மூன்று வாய்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரே ஒரு புரி வெளியே வந்திருக்க வேண்டும். ஒரே வாயில் இரண்டு வந்திருந்தால் பிரித்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். மூன்றையும் சமமாக இழுத்து இறுக்குங்கள்.

8. இனி எளிது. ஒவ்வொரு புரியையும் பக்கத்து உடம்புப் புரிக்கு மேலே விட்டு, அதற்கு அடுத்ததின் அடியில் நுழையுங்கள். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். பாய் முடைவது போலத்தான். மூன்று புரியும் ஒருமுறை போனால் ஒரு சுற்று.

9. நார்க்கயிற்றுக்கு மூன்று சுற்று போதும், ஆள் படுக்கிற இடம் என்பதால் நான் நான்கு போடுவேன். வழுக்கும் பிளாஸ்டிக் கயிற்றுக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது.

10. கோர்த்த இடத்தைத் தரையில் வைத்துக் காலால் உருட்டுங்கள், படிந்துவிடும். நுனிகளை ஒட்ட வெட்டாமல் அரை விரல் விட்டு வெட்டுங்கள். முதல் பாரத்தில் அவை கொஞ்சம் உள்ளே போகும்.

கண்ணுக்குள் இரும்புக் கொக்கி மாட்டுவதானால், பள்ளம் உள்ள இரும்பு வளையத்தைக் கண்ணுக்குள் வைத்துக் கோர்த்துவிடுங்கள். கடையில் 'திம்பிள்' என்று கேட்டால் தருவார்கள். கொக்கி கயிற்றை அரிக்காது.

மேலே உறை போட்டுப் பின்னிய வழவழப்பான கயிறுகளுக்கு இந்த முறை செல்லாது. அதற்கு முடிச்சோ, கடையில் தைத்து வரும் கண்ணோதான். வெளிநாட்டில் ஹேமக் செய்பவர்கள் டைனீமா என்ற, உள்ளே குழாய் போன்ற பின்னல் கயிற்றை எடுத்து, அதன் வாலை அதன் வயிற்றுக்குள்ளேயே நீளமாகச் செருகிவிடுகிறார்கள். இழுத்தால் உறை இறுகி வாலைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கயிறு மிகவும் வழுக்கும் என்பதால் முடிச்சு அதில் நம்பத் தக்கதல்ல.

மரத்துப்பக்க முடிச்சு

முதலில் மரத்தைச் சுற்றி நான்காக மடித்த சாக்கை வையுங்கள். மெல்லிய கயிறு நேரடியாகப் பட்டையில் உராய்ந்தால் பட்டை வெட்டுப்படும். பட்டையின் உள்பக்கம்தான் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை. நாம் இளைப்பாற மரத்தைக் காயப்படுத்தக் கூடாது.

சாக்கின் மேல் கயிற்றை மரத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நுனியைப் பாரம் தாங்கும் கயிற்றின் மேல் ஒரு சுற்றுப் போட்டு, அந்தச் சுற்றுக்குள்ளேயே நுழைத்து இழுங்கள். அதே திசையில் இன்னொரு தடவை. அவ்வளவுதான். சுமையில் பெரும்பகுதியை மரத்தைத் தழுவிய அந்த இரண்டு சுற்றே வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பாரம் ஏறினாலும் பிறகு கையாலேயே அவிழ்க்கலாம்.

அவசரத்துக்குக் கண் வேண்டும், கோர்க்க நேரமில்லை என்றால் பௌலைன் முடிச்சு போடுங்கள். கயிற்றில் ஒரு சின்ன வளையம், அதுதான் எலி வளை. நுனிதான் எலி. எலி வளைக்குள்ளிருந்து மேலே வந்து, நீள் கயிறு என்ற மரத்தைப் பின்னால் சுற்றி, வந்த வளைக்குள்ளேயே இறங்கிவிடும். நுனி ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும். இந்தக் கண் இறுகாது, உருவாது. ஆனால் பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் தளரும். படுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கயிறு, எந்த மரம்?

கடையில் நைலான் என்று கேட்டால் தரும் நீல, பச்சைக் கயிறுகள் பெரும்பாலும் நைலான் அல்ல, பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக். புதிதில் வலு அதிகம்தான். வெயிலில் கிடந்தால் நொறுங்கத் தொடங்கும். தொட்டால் கையில் தூள் ஒட்டும். அந்தத் தூள் நம் மண்ணில்தான் விழுகிறது. அறுந்த துண்டைத் தீவனத்தோடு மாடு தின்றால் வயிற்றில் தங்கிவிடும். ரசாயனம் வேண்டாம் என்று விட்ட நிலத்தில் இதை ஏன் சேர்க்க வேண்டும்?

தேங்காய் நார்க்கயிறு ஈரத்தை நன்றாகத் தாங்கும், கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ஆனால் அதே கனத்தில் கற்றாழை நாரைவிட வலு குறைவு. அதனால் கட்டைவிரல் கனத்துக்குக் குறையாமல் எடுங்கள். கற்றாழை நார் வலுவானது, கோர்க்க நன்றாக இருக்கும். பருத்திக் கயிறு மென்மை, நனைந்தபடியே கிடந்தால் மக்கிவிடும். பசுந்தாள் உரத்துக்கு நாம் விதைக்கும் சணப்பையும் நார்ப்பயிர்தான். வரப்போரம் நாலு வரிசை மடக்கி உழாமல் விட்டு, பூத்துக் காய் பிடிக்கும் தறுவாயில் அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு நார் உரித்தால் வீட்டுக் கயிறு வீட்டிலேயே ஆகும்.

மரத்தில் வேம்பும் புளியும் மாவும் நல்லது. முருங்கை வேண்டவே வேண்டாம், சொல்லாமல் முறியும். தென்னையடியில் தூளி கட்டாதீர்கள். கயிறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலிருந்து விழும் தேங்காய்க்கு அது தெரியாது.

படுப்பதற்கு முன்

புதுத் தூளியில் முதலில் ஆள் படுக்கக் கூடாது. இரண்டு ஆள் எடைக்கு மணல் மூட்டையை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கோர்ப்பு நகர்ந்திருக்கிறதா, மரத்து முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தூளியின் அடிப்பாகம் முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம். கீழே கல், கட்டை, அரிவாள் எதுவும் இருக்கக் கூடாது. குழந்தையின் தலை நுழையும் அளவுக்குக் கயிற்றுக் கண்களைத் தொங்கவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை புரியைத் திருகி உள்ளே பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும் நார்க்கயிறு உள்ளே கறுத்து மாவாகியிருக்கலாம். அப்படியானால் அதைத் தக்காளிக்குப் பந்தல் கட்டப் பயன்படுத்துங்கள். ஆள் பாரத்துக்கு வேண்டாம்.

தூளியோடு நிற்காது

இந்தக் கைவேலை பழகினால் தோட்டம் முழுக்க உதவும். அறுந்த கயிறு இரண்டைச் சேர்க்க, இரண்டு முனைகளையும் பிரித்து எதிரெதிரே கோர்த்து, இரண்டு பக்கமும் மூன்று சுற்றுப் பின்னினால் ஒரே கயிறு. ஆனால் அந்த இடம் தடிக்கும். கிணற்றுக் கப்பியில் அது சிக்கும், எனவே வாளிக் கயிற்றுக்கு அது ஆகாது.

மாட்டுக் கயிற்றிலும் அதே விதிதான். கழுத்துப்பக்கக் கண்ணைக் கோர்த்துவிடுங்கள். முளைப்பக்கம், நுனியைச் சுண்டினால் அவிழும் முடிச்சு மட்டும் போடுங்கள். மாடு சிக்கிக்கொண்டு கிடக்கும்போதோ, கொட்டகையில் தீப்பிடித்தாலோ, அவிழாத முடிச்சு மாட்டின் உயிரை வாங்கிவிடும்.

கயிறு வாங்கும் காசை மிச்சம் பிடிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. கயிறு திரிக்கவும் கோர்க்கவும் தெரிந்த கைகள் ஊருக்கு இரண்டு மூன்றுதான் மிச்சம் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் ஆளுக்கு ஒன்றரைப் பாகம் நார்க்கயிறும் கொஞ்சம் நூலும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்கள் விரல்தான் இதற்குச் சீக்கிரம் பழகும்.